செம்மண் சடக்குக்கு எந்த மோட்டார் சைக்கிள்?

ஒரு சனிக்கிழமை காலை. பசியாறிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்து பார்த்தால், 6 ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த பையன் நிற்கிறான். பக்கத்தில் அவன் தாயார். பையனுக்கு இப்போது 18 வயது. என்னைவிட அரை முழம் உயரமாகிவிட்டான்.

“வாங்கம்மா, உட்காருங்க” என்றேன். அந்த அம்மாள் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். மோட்டார் சைக்கிள் கடையில் எழுதிக் கொடுத்த தவணைக் கணக்கு அது.

“சார், இவன் பெரிய மோட்டார்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான். நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்.”

“சின்ன மோட்டாரை வச்சிக்கிட்டு ஸ்டோர் மேட்டுல ஏற முடியாது சார். மழை பேஞ்சா அங்கேயே நின்னுடும்” என்றான் பையன்.

அந்தக் குடும்பத்தின் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். தந்தையார் செம்பனைக் குலை வெட்டியவர். காலில் அடிபட்டு உள்ளே இரும்புத் தகடு வைத்த பிறகு கனமான வேலைக்குப் போக முடியவில்லை. தாயார் உதிரிப் பழம் பொறுக்கி, மூன்று ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கொஞ்சம் இருக்கிறது. பையனுக்குப் பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. காலை 7 மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். தொழிற்சாலை பஸ் தோட்டத்துக்குள் வராது. பெரிய சடக்கில்தான் நிற்கும். அங்கே போக 3 கட்டைத் தொலைவு செம்மண் சடக்கு. ஆக, மோட்டார் சைக்கிள் இல்லையென்றால் வேலை இல்லை.

தாளைப் பார்த்தேன். 150 சிசி வண்டி. மாதம் 215 வெள்ளி, 60 மாதம். பையனிடமே பென்சிலைக் கொடுத்துப் பெருக்கச் சொன்னேன். 12,900 வெள்ளி வந்தது. ரொக்க விலையோ 9,300 வெள்ளி என்று அதே தாளின் மேல்பக்கத்தில் எழுதியிருந்தது. 3,600 வெள்ளி வட்டி. என்னிடம் கணக்கில் எப்போதும் நல்ல மதிப்பெண் வாங்கியவன்தான். கடையில் அந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை, பாவம்.

பணக் கணக்கை மட்டும் சொல்லி இளைஞர்களின் மனத்தை மாற்ற முடியாது என்பது பிள்ளைகளைப் பெற்ற எல்லாருக்கும் தெரியும். “வண்டியைப் பற்றிப் பேசுவோம், உட்கார் தம்பி” என்றேன்.

அவன் கைத்தொலைபேசியை எடுத்து ஒரு படக்காட்சியைக் காட்டினான். ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஆளுயரப் பாறை மேல் ஏறுகிறார், உச்சியில் அசையாமல் நிற்கிறார், திரும்பிக் குதிக்கிறார். “பாருங்க சார், பவர் இருந்தா எங்கே வேணும்னாலும் ஏறும்” என்றான்.

அவன் எனக்கு எதிராகக் காட்டிய சாட்சி எனக்கே சாதகமாக அமைந்துவிட்டது!

பாறை ஏறும் பந்தயம்

அந்தப் பந்தயத்துக்கு ‘டிரையல்’ என்று பெயர். முந்திப் போவதற்கு அங்கே பரிசில்லை. பாறை, சேறு, ஓடை, மரவேர் என்று இடையூறுகள் நிறைந்த சிறு சிறு பகுதிகளைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு தடவை கால் தரையில் பட்டால் 1 குற்றப் புள்ளி, இரண்டு தடவை பட்டால் 2, அதற்கு மேல் எத்தனை தடவை பட்டாலும் 3. விழுந்தால், அல்லது பாதையை விட்டு வெளியே போனால் 5. யாருக்குப் புள்ளி குறைவோ அவரே வெற்றியாளர்.

இதன் ஆரம்பக் கதை சுவையானது. மோட்டார் சைக்கிள் புதிதாக வந்த காலத்தில், ‘இந்த வண்டி வழியில் நின்றுபோகாமல் ஊர் போய்ச் சேருமா’ என்று ஜனங்களுக்குச் சந்தேகம். அதைத் தீர்க்கத்தான் மலையும் மண்சடக்குமாகப் பார்த்து, வண்டிகளை நாள்கணக்கில் ஓட்டிக் காட்டினார்கள். டிரையல் என்றால் சோதனை அல்லவா? ஸ்காட்லாந்தில் 6 நாள் நடக்கும் புகழ்பெற்ற டிரையல் 1909-ஆம் ஆண்டில் தொடங்கியது. உலக வீரர் பட்டத்துக்கான போட்டி 1975-இல் வந்தது. பையன் காட்டிய படத்தில் இருந்தவர் தோனி பூ என்ற ஸ்பெயின் நாட்டுக்காரர். 2007 தொடங்கிப் பல ஆண்டுகள் தொடர்ந்து உலகப் பட்டத்தை வாங்கியவர்.

“சரி தம்பி, அந்த வண்டியில் என்னென்ன இல்லை, சொல்லு” என்று கேட்டேன்.

உற்றுப் பார்த்தான். “சீட்டு இல்லை சார்.”

சீட்டு மட்டுமா? பெரிய பெட்ரோல் டாங்கி இல்லை. அலங்காரக் கவசம் இல்லை. மொத்த எடையே 70 கிலோ சுமார்தான். கியர்கள் மிகவும் தாழ்வாக அமைக்கப்பட்டவை. மனிதன் நடக்கும் வேகத்திலும் எஞ்சின் திணறாமல் இழுக்கும். ஹேண்டில் இரு பக்கமும் வெகுதூரம் திரும்பும். பின் டயரில் காற்றை மிகமிகக் குறைவாக வைப்பார்கள். டயர் பாறை மேல் பல்லி போல ஒட்டிக்கொள்ளும். அந்த வண்டி பாறை ஏறுவது, மெதுவாகப் போகும்போது கிடைக்கும் இழுவையாலும், எடைக் குறைவாலும், ஓட்டுபவரின் நிதானத்தாலும்தான். பையன் நினைத்த ‘பவர்’ வேறு, இது வேறு.

அந்த விளையாட்டில் ஒரு பழைய சங்கதி உண்டு. 1960-களின் தொடக்கம் வரை பிரிட்டிஷ் டிரையலில் கனமான ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளே ராஜாங்கம் நடத்தின. சாமி மில்லர் என்ற வட அயர்லாந்து வீரர், தாம் பல வெற்றிகளைக் கண்ட 500 சிசி ஏரியல் வண்டியை விட்டுவிட்டு, ஸ்பெயினின் புல்டாக்கோ கம்பெனியோடு சேர்ந்து 250 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை உருவாக்கினார். பாதிக் கொள்ளளவு, எடையும் வெகுவாகக் குறைவு. 1965-இல் அதே ஸ்காட்லாந்துப் போட்டியில் அந்தச் சிறிய வண்டியிலேயே வெற்றி பெற்றார். பெரிய வண்டிகளின் காலம் அத்தோடு மலையேறியது. ‘அப்படியானால் டூ ஸ்ட்ரோக்தான் சிறந்ததா’ என்று கேட்பீர்கள். 2005-இல் ஹோண்டாவைச் சேர்ந்த மொந்தேசா மீண்டும் ஃபோர் ஸ்ட்ரோக்கைக் கொண்டு வந்தது. தோனி பூ பட்டம் வாங்கியது அதில்தான். எஞ்சின் எந்த வகையாக இருந்தாலும், இலேசான வண்டியும் அடிவேகத்து இழுவையுமே அங்கே தேவைப்பட்டன.

நம்முடைய செம்மண் சடக்கில் அதிகாலை 5 மணிக்கு, முந்தைய இரவு பெய்த மழையில், லாரிச் சக்கரம் கிழித்த பள்ளங்களுக்கு இடையே வண்டி ஓட்டும் தொழிலாளியும் டிரையல்தான் ஓட்டுகிறார். பார்த்துப் புள்ளி போடத்தான் ஆளில்லை. ஆனால் டிரையல் வண்டியில் குழந்தையை முன்னால் வைத்து, மனைவியைப் பின்னால் வைத்து, அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுப் போக முடியாது. ஆகவே நமக்கு வேண்டியது அதன் குணம் கொண்ட வேறு ஒரு வண்டி.

தஞ்சோங்குக்கு வந்த கப்

அந்த வண்டியைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அது 60 ஆண்டுகளுக்கு மேலாக நம் பினாங்கிலேயே இருக்கிறது.

சீனாவின் ஹுய் ஆன் பகுதியிலிருந்து சிறுவனாகப் பினாங்குக்கு வந்தவர் லோ பூன் சியூ. பள்ளிப் படிப்பு இல்லை. வண்டி பழுதுபார்க்கும் கடையில் எடுபிடியாக வேலை பார்த்துத் தொழில் பழகி, பிறகு பஸ் தொழிலில் முன்னுக்கு வந்தார். 1950-களின் இறுதியில் ஜப்பானுக்குப் போயிருந்தபோது ஹோண்டாவின் சிறிய ‘சூப்பர் கப்’ வண்டி அவர் கண்ணில் பட்டது. அது 1958-இல்தான் வெளிவந்திருந்தது. இங்கே அதை விற்கும் உரிமையைப் பெற்று வந்தார். பிறகு என்ன ஆயிற்று என்பது ஊரறிந்த கதை. ஹோண்டா என்றால் பூன் சியூ, பூன் சியூ என்றால் ஹோண்டா என்று ஆகிவிட்டது. அவர் 1995-இல் காலமானார். ‘கப்’ என்பதோடு ‘சிறியது’ என்ற பொருள் தரும் சீனச் சொல் சேர்ந்து ‘கப்சாய்’ ஆனது. இன்று எந்தக் கம்பெனியின் சிறிய வண்டிக்கும் நாம் அந்தப் பெயரைத்தான் சொல்கிறோம். பூன் சியூ ஹோண்டாவின் தொழிற்சாலை இப்போது பத்து காவானில் இருக்கிறது. பத்து காவான் ஒரு காலத்தில் தோட்டம். நம் மக்கள் வேலை செய்த மண்ணில் இப்போது மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள்.

உலகமெங்கும் 2017-க்குள் 10 கோடி சூப்பர் கப் வண்டிகள் செய்யப்பட்டுவிட்டன. வேறு எந்த மோட்டார் வாகனமும் இந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. இதற்குக் காரணம் அதன் எளிமை. ஜப்பானில் மீ எடுத்துப் போய்க் கொடுக்கும் கடைப் பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டே ஓட்ட முடிய வேண்டும் என்பது ஹோண்டாவின் எண்ணம். அதனால் இடது கைக்குக் கிளட்ச் பிடி வைக்கவில்லை. எஞ்சின் வேகம் குறைந்தால் கிளட்ச் தானாக விடும். முறுக்கினால் தானாகப் பிடிக்கும். சேற்றில் தட்டுத்தடுமாறிப் போகும்போது எஞ்சின் நின்றுபோகாது. 17 அங்குலச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தாலும் எழுந்துவிடும். காலுக்கு முன்னால் சேற்றைத் தடுக்கும் கவசம். சங்கிலியைச் சுற்றி முழு மூடி.

அந்தச் சங்கிலி மூடியின் அருமையைத் தோட்டத்தில் இருப்பவர்கள்தான் அறிவார்கள். செம்மண் எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி. மூடியில்லாத சங்கிலியையும் பல்சக்கரத்தையும் சீக்கிரமே தின்றுவிடும். புதிய வண்டிகள் பலவற்றில் இந்த முழு மூடியை எடுத்துவிட்டார்கள், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

என் தந்தையார் பால் வெட்டியவர். அவரிடம் ஒரு ஹோண்டா சி70 இருந்தது. 72 சிசி, 3 கியர், ஃபோர் ஸ்ட்ரோக். எனக்கு 7 வயதிருக்கும். ஒரு நள்ளிரவில் என் தங்கைக்குக் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்துவிட்டது. வெளியே பேய் மழை. தோட்டத்து லாரி டிரைவர் ஊரில் இல்லை. அப்பா சி70-ஐ வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். அம்மா தங்கையைப் பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். இரண்டாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. விடிவதற்குள் சுங்கை பாக்காப் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தங்கைக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். நம்பகமான வண்டி என்று யாராவது சொன்னால் அந்த இரண்டாவது உதைதான் என் நினைவுக்கு வரும்.

அப்பாவின் புத்தி எனக்கு இல்லை. இளைஞனானதும் பட்டணத்தில் ஒரு கடையில் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை வாங்கினேன். சத்தம் கேட்டாலே ரத்தம் சூடேறும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பாகங்கள் குறைவு, இலேசானது, சீறிக்கொண்டு போகும். ஆனால் அதற்கென்று தனி எண்ணெய் உண்டு. அந்த எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே போனால்தான் பிஸ்டன் தேயாமல் ஓடும். என் வண்டியில் எண்ணெய்ப் பம்பு பழுது. விற்றவர் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும் வழியில் பிஸ்டன் இறுகி எஞ்சின் நின்றது. வண்டியைச் சடக்கோரம் போட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது பெயர் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். அந்த ஆண்டு இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டுதான் சேர்ந்தேன். ஓர் எண்ணெய்ப் பம்பு என் ஆயுளில் ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டது!

இன்று கடைகளில் உள்ள புதிய கப்சாய்கள் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளே. 1980-களில் வந்த ஹோண்டா இஎக்ஸ்5, நம் அண்டை மாநிலமான கெடாவில் குரூண் தொழிற்சாலையிலிருந்து 1996-இல் வெளிவந்த மொடனாஸ் கிரிஸ் ஆகியவற்றைத் தெரியாத தோட்டமே இராது. முன்பு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இப்போது பெட்ரோலை அளந்து பீய்ச்சும் கருவி வந்துவிட்டது. பெட்ரோல் மிச்சம், விடியற்காலைக் குளிரில் உடனே ஸ்டார்ட் ஆகும். ஆனால் பேட்டரி செத்துவிட்டால் பழைய வண்டியைப் போலச் சமாளித்து ஓட்டிவிட முடியாது. ஆகையால் பேட்டரியை மறக்காதீர்கள்.

பள்ளித் திடலில் ஒரு பரீட்சை

பையன் எல்லாவற்றையும் கேட்டான். “நீங்க சொல்றது பழைய கதை சார்” என்றான். எனக்குக் கோபம் வரவில்லை; அவன் வயதில் நானும் அப்படித்தான். “சரி, பரீட்சை வைத்துப் பார்ப்போம்” என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இரவு நல்ல மழை பெய்திருந்தது. பையன் தன் நண்பனிடம் ஒரு 150 சிசி வண்டியை இரவல் வாங்கி வந்தான். கிளட்ச் பிடி உண்டு, 5 கியர், எடை 115 கிலோவுக்கு மேல். அவன் சித்தப்பாவின் பழைய கப்சாயும் வந்தது. அது 100 கிலோகூட இராது. பையனிடம் ‘பி2’ லைசன் இருக்கிறது. அது இல்லாமல் நான் வண்டியைத் தொட விட்டிருக்க மாட்டேன்.

திடலில் 6 காலி எண்ணெய் டின்களை வளைந்து வளைந்து வைத்தேன். நடக்கும் வேகத்தில் அவற்றைச் சுற்றி வர வேண்டும். பிறகு ஸ்டோர் மேட்டில் பாதி ஏறி, நிறுத்தி, மறுபடி கிளம்ப வேண்டும். பிறகு இறங்க வேண்டும். கால் ஊன்றினால் புள்ளி. புள்ளி எண்ணும் வேலை தாயாருக்கு. அந்த அம்மாள் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு மண்ணில் கோடு போட்டார். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள், திருவிழா மாதிரிதான்.

டின்களைச் சுற்றும்போது 150-இல் 4 தடவை கால் ஊன்றினான். கப்சாயில் 1 தடவை. 150-இல் அவனுக்குக் கை போதவில்லை. கிளட்சை அரைப்பிடியில் வைக்க வேண்டும், ஹேண்டிலைத் திருப்ப வேண்டும், முறுக்க வேண்டும். ஹேண்டிலும் அவ்வளவாகத் திரும்பவில்லை.

மேட்டில்தான் அவன் முகம் மாறியது. பாதியில் நிறுத்திக் கிளம்பியபோது 150 ஒரு தடவை எஞ்சின் நின்றது. மறுபடி முறுக்கினான், பின் சக்கரம் சுழன்று எங்கள் மேல் சேற்றை வாரி அடித்தது. வண்டி ஏறவில்லை. அந்த எஞ்சினின் சக்தி எல்லாம் வேகமாகச் சுழலும்போதுதான் கிடைக்கும். சேற்றில் அப்படிச் சுழற்றினால் சக்கரம் வழுக்குகிறது. கப்சாய் முதல் கியரில் முனகிக்கொண்டே, ஒரு கிழவர் படியேறுவதைப் போல, ஏறிப் போயிற்று. பிள்ளைகள் கைதட்டினார்கள். ‘சின்ன மோட்டார் ஏறாது’ என்றவன் மேட்டின் உச்சியில் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் பரீட்சை என்றால் நேர்மையாக நடத்த வேண்டும். தார்ச் சடக்கிலும் இரண்டையும் ஓட்டச் சொன்னேன். அங்கே கதை மாறியது. 150-இன் டிஸ்க் பிரேக் சொன்ன இடத்தில் நிறுத்தியது. சித்தப்பாவின் கப்சாயில் டிரம் பிரேக், அதுவும் தேய்ந்தது, நனைந்தது; பிடியை முழுக்க அழுத்தியும் நான் போட்ட கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் நின்றது. முன் விளக்கும் மங்கல். “பாத்தீங்களா சார்!” என்றான் பையன். பார்த்தேன், மறுக்க முடியவில்லை.

இது சாதாரண விஷயமன்று. நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்கள் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். தாய்மார்களின் பயத்தில் நியாயம் இருக்கிறது. 1973-இல் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கினார்கள். 1992-இல் பகலிலும் முன் விளக்கைப் போட்டு ஓட்ட வேண்டும் என்றார்கள். இருந்தும் தோட்டத்துக்குள் ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள்தான் இன்னும் அதிகம். வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் உட்காருபவருக்கும் தலை ஒன்றுதான். ஆகவே இரண்டு ஹெல்மெட்டுக்கான பணத்தை வண்டி விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பரீட்சைக்குப் பிறகு நாங்கள் மூவரும் உட்கார்ந்து பேசினோம். சேற்றுக்குக் கப்சாய், தாருக்கு நல்ல பிரேக். இரண்டும் சேர்ந்த வண்டி இல்லாமலா போகும்? முன்னால் டிஸ்க் பிரேக் வைத்த 110 சிசி கப்சாய்கள் இருக்கின்றன. தாயாரின் சேமிப்பை முன்பணமாகக் கட்டினால் இரண்டே ஆண்டுத் தவணையில் முடியும். பையன் சற்று நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். ‘கப் பிரி’ பந்தயம் 1994-இல் தொடங்கியது முதலே நம் பையன்கள் கப்சாயைப் பந்தயக் குதிரையாகத்தான் பார்க்கிறார்கள். அவன் நண்பர்கள் எல்லாரும் 150 வைத்திருக்கிறார்கள். அவர்கள் மத்தியில் 110-இல் போய் இறங்குவது ஓர் இளைஞனுக்குச் சின்ன விஷயமன்று. அதையும் நான் யோசித்துத்தான் பேசினேன். “மேட்டில் யார் ஏறினார்கள் என்று அவர்களுக்குச் சொல்” என்றேன். சிரித்துவிட்டான்.

இதே பதிலை எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். தார்ச் சடக்கோரத்தில் வீடு, வேலையோ பாயான் லெப்பாஸில் என்றால் சங்கதி வேறு. 1985-இல் திறந்த முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். 2019 முதல் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை. ஆனால் கடற்காற்றும் லாரிக் காற்றும் உண்டு. இலேசான வண்டி அங்கே தள்ளாடும். தினமும் பாலம் கடக்கும் பையன், கொஞ்சம் கனமான, நல்ல பிரேக்குள்ள வண்டி கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. பட்டர்வொர்த்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஃபெரியில் ஏற்றிக்கொண்டு தஞ்சோங்கில் இறங்கலாம். அது இன்னும் சுகம்.

பழையது வாங்குகிறவர்களுக்கு

புதியது வாங்க முடியாதவர்களுக்காக, எங்கள் ஊர் ஒர்க்‌ஷாப் தவுக்கே எனக்குச் சொல்லித் தந்த சிலவற்றைச் சொல்கிறேன். கடைக்குக் காலையில் போங்கள். எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறட்டும் என்று காத்திருங்கள். ஆறிய எஞ்சின் எத்தனை உதையில் பிடிக்கிறது என்பதுதான் கேள்வி. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி நீலப் புகை விட்டால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது. எண்ணெய் அளவுக்கோலை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாகவும் இருக்கலாம்.

ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். ‘கடக் கடக்’ என்றால் புஷ்ஷோ பேரிங்கோ போய்விட்டது. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நடுவில் எங்காவது சிக்குகிறதா என்று பாருங்கள். சிக்கினால் வண்டி நேரே போகாமல் அலையும். பிறகு பத்தடி பின்னால் நின்று இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். விபத்தில் வளைந்த சட்டத்தைப் பெயிண்ட் மறைக்கும். இந்தப் பார்வைக்கு மறையாது. சட்ட எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதிவு விவரத்தோடு ஒப்பிடாமல் பணம் கொடுக்காதீர்கள். ஜே.பி.ஜே.யில் பெயர் மாற்றமும் அன்றைக்கே நடக்கட்டும். ‘பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்லி விற்றவர், சம்மன் வரும்போது கண்ணில் படமாட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த டிரையல் பரீட்சையைச் செய்யுங்கள். கடை முன்னால் நடக்கும் வேகத்தில் ஒரு சுற்று, கால் ஊன்றாமல். வேகமாக ஓட்டும்போது மறைந்துவிடும் கோளாறுகள் மெதுவாக ஓட்டும்போது வெளியே வந்துவிடும்.

டயர் காற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சேற்றில் பிடிப்பு வேண்டும் என்று டிரையல்காரர்களைப் பார்த்துக் காற்றை அளவுக்கு மீறி இறக்கிவிடாதீர்கள். அவர்களுடைய பின் டயர் ட்யூப் இல்லாதது. நம் கப்சாய் டயர் பெரும்பாலும் ட்யூப் உள்ளது. காற்றுக் குறைந்தால் டயர் ரிம்மில் நகர்ந்து வால்வை அறுத்துவிடும். தார்ச் சடக்கில் அந்த டயரோடு வளைவில் போவது இன்னும் ஆபத்து. காற்றை இறக்குவதைவிட, தேய்ந்த டயரைக் காலத்தில் மாற்றுவது நல்லது. எஞ்சின் எண்ணெயையும் காற்று வடிகட்டியையும் கையேட்டில் சொன்ன தூரத்துக்கு முன்பே பாருங்கள். கையேட்டை எழுதியவர் நம் சடக்குத் தூசியைப் பார்த்ததில்லை.

பையனும் தாயாரும் அடுத்த வாரமே போய் 110 சிசி வண்டியை எடுத்து வந்துவிட்டார்கள். நிறம் மட்டும் பையன் விருப்பப்படி சிவப்பு. கடையில் முழுச் சங்கிலி மூடி உள்ளதுதான் வேண்டும் என்று தாயார் அடம் பிடித்தாராம். அந்த ரகத்தில் அது வராது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பையன் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் போடுகிறான். அந்த அம்மாள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவது ஹெல்மெட் இன்னும் வாங்கவில்லை. அடுத்த மாதச் சீட்டுப் பணத்தில் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை பின்னால் ஏற மாட்டேன் என்று நடந்தேதான் கடைக்குப் போய் வருகிறார்.